என் பெயரில் ஒரு சிலந்தி

யோஸ்டைன் எனக்குக் கல்யாண மோதிரத்தைத் தவிர எதுவும் வாங்கித் தந்ததில்லை. அதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. கையில் காசு வந்தால் சல்லடையும் சாராயமும் வாங்குகிற ஆள் அவன். சல்லடை பாசியைச் சலித்துச் சிலந்தி பிடிக்க. சாராயம் குடிக்க அல்ல, பிடித்ததை ஊறப்போட.

இந்த மே மாதம், வடகோடிக் கடலோர ஊரான வாட்சோவில் எங்கள் வீட்டுக் கூரையில் மிச்சமிருந்த பனி தொப்பென்று சரிந்து விழுந்த அன்று, சமையலறை மேசையில் என் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தான்.

"இதைக் கொஞ்சம் வரைஞ்சு குடு, சோல்வி. அவசரம்."

"யாரு இவ?"

"முதல்ல வரை. அப்புறம் சொல்றேன்."

அவன் பிடித்துவந்து இனம் காண்பான், நான் நுண்ணோக்கியில் பார்த்து வரைவேன். எங்கள் மேட்டுநிலத்துச் சிலந்திகளில் என் பென்சிலுக்குத் தப்பியது ஒன்றும் கிடையாது. பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் பென்சிலைச் சீவுவதற்குள் தொலைபேசி அடித்தது. பெர்கனிலிருந்து என் நாத்தனார் தோர்டிஸ்.

"வாழ்த்துகள்! உன் பேர்ல ஒரு புதுச் சிலந்தியாமே! எட்டுக் காலு, புருஷனைப் பிடிச்சுத் தின்னும். பொருத்தமான பேருதான்."

"இந்த வகை இன்னும் தின்னல, தோர்டிஸ். யோசிச்சுக்கிட்டுதான் இருக்கு."

வைத்துவிட்டுத் திரும்பினால், யோஸ்டைன் காதுவரை சிவந்துபோய் வாஃபிள் அப்பம் சுடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தான்.

"அவ வாயில ஒண்ணும் நிக்காது," என்றான். பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். பனி விலகிய ஒரு கல்லுக்கு அடியில், பாசியைச் சலித்தபோது கிடைத்த ஒற்றைப் பெண் சிலந்தி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. எந்தப் புத்தகத்திலும் இதைப் போன்ற படம் இல்லை. புது இனம். பெயர் சோல்வி.

ஆயுள் முழுக்க மற்றவர்கள் பெயர் வைத்த சிலந்திகளுக்கே அடையாளச் சீட்டு எழுதியவன் அவன். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிற சின்னப் பையன்கள்கூட ஆளுக்கு நாலு புது இனம் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இவனுக்கு ஒன்றுகூட இல்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டான், ஆனால் அது அவனை எவ்வளவு குடைகிறது என்று எனக்குத் தெரியும். சிவப்புச் சீட்டைக்கூட வெட்டி வைத்துவிட்டான். ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது அதற்கு அத்தாட்சியாக எடுத்துவைக்கிற ஒரே உடலின் குப்பிக்குள்தான் சிவப்புச் சீட்டு போடுவோம். பெயர், ஆணா பெண்ணா, கிடைத்த இடம், இனம் கண்டவர் யார், எல்லாம் அதில் இருக்கும்.

எனக்கும் சந்தோஷம்தான். பெயர் நிலைப்பது யாருக்குக் கசக்கும்?

உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். பெண் சிலந்தியின் வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டித் தட்டு இருக்கும். அது பூட்டு என்றால் ஆணிடம் இருப்பது சாவி. இனத்துக்கு இனம் பூட்டு வேறு, அதை வைத்துத்தான் இனத்தைச் சொல்வோம். இவளுடைய தட்டில் வலது பக்கம் நாக்கு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இடது பக்கம் வெறும் பொட்டு. விளக்கைத் திருப்பினேன். அந்த நாக்கு பாகு மிட்டாய் மாதிரி பளபளத்தது. சுற்றிலும் உடம்பெல்லாம் முடி, அதில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

பென்சிலைக் கீழே வைத்தேன். எனக்கு விளங்கிவிட்டது.

"யோஸ்டைன், இவ புதுசு இல்ல. கல்யாணம் ஆனவ, அவ்வளவுதான்."

"என்னது?"

"இன்னொருத்தன் வரக்கூடாதுன்னு புருஷன்காரன் பிசின் வச்சு அடைச்சுட்டுப் போயிருக்கான். நீ பாத்தது பூட்டை இல்ல, பூட்டு மேல ஊத்தின அரக்கை."

வந்து குனிந்து பார்த்தான். "பிசின்னா கொழகொழன்னு இருக்கும். இது ஓரம் வெட்டினாப்ல இருக்கு."

"குளிர்காலம் பூரா பனிக்கடியில கிடந்தா இறுகாதா? ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லியே, பாரு. எந்த உயிருக்கு இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி இருக்கும்?"

"உன் மூக்கு கோணல்தானே?"

"பிறக்கும்போது நேராத்தான் இருந்துச்சு. பனிச்சறுக்குல விழுந்து கோணலாச்சு. இதுவும் அப்படிப் பின்னால வந்ததுதான்."

ஊசியால் சுரண்டிப் பார்ப்பது ஒன்றே வழி. பிசின் என்றால் பெயர்ந்து வரும். உடம்பின் பகுதி என்றால் உடைந்துவிடும். உடைந்தால் போச்சு. இரண்டாவது ஒன்று இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் திரோம்சோ ஊரில் வெப்யோர்ன் என்று ஒரு சிலந்தி ஆய்வாளன் இருக்கிறான். அடுத்தவர் வைத்த பெயரைச் செல்லாது என்று காட்டி மூழ்கடிப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. என் புருஷனை ஒரு கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி அவன் சிரிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் பெயரை மூழ்கடிக்க வேண்டுமென்றால் நானே மூழ்கடிப்பேன்.

"உடைஞ்சுட்டா?"

"உடையாது."

"உடைஞ்சுட்டா, சோல்வி?"

"உடைஞ்சா இனிமே என் கையில ஊசியே குடுக்காதே."

ஊசியை என் பக்கம் நகர்த்தினான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை நாக்கின் ஓரத்தில் வைத்தேன். அசையவில்லை. கொஞ்சம் சாய்த்து மறுபடி நெம்பினேன். பாத்திரத்தில் அடிப்பிடித்த பால் உரிவது மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அடியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற, பழகிய பூட்டு. இந்தப் பக்கத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஓடுகிற அதே பழைய சிலந்தி.

"வந்து பாரு," என்றேன்.

நெடுநேரம் பார்த்தான். பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "ஆமா" என்றான். இங்கே கெட்ட செய்தியையும் அப்படித்தான் ஒப்புக்கொள்வோம்.

"எத்தனை தடவை பாத்திருப்பேன் இவளை. எனக்கே அடையாளம் தெரியலையே."

ஜெயித்தது நான்தான். ஆனாலும் அவன் தோள் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கோவமா?"

"உன் மேலயா? இல்ல." குப்பியை மூடினான். "தோர்டிஸுக்கு யாரு சொல்றது?"

"நீதான்."

சல்லடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாப்பாட்டுக்கு வந்தவன் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவனை நான் இதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்துவிட்டு மேட்டுக்குப் போயிருந்தான். என் கோப்பையின் காதில் நூல் போட்டு ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது.

'சோல்வி. பெண். வாட்சோ. வேறொன்று கிடையாது. இனம் கண்டவர்: யோஸ்டைன்.'

காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை கண்டுபிடிக்கப் பிறந்தவள் நான். திருப்பிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.