சந்திரகலா பேரில் இருந்த கரண்ட்

ஆதிலட்சுமிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். அன்றைக்கு அதைச் சிவக்க வைத்தவர் வாடகைக்கு வீடு கொடுத்த சொந்தக்காரர் சக்கரபாணி.

“ரெண்டே விஷயம்ங்க,” என்றார் அவர், சாவியைக் கொடுக்காமல் உள்ளங்கையிலேயே அழுத்திக்கொண்டு. “கரண்ட் கார்டும் கேஸ் புக்கும் செத்துப்போன என் சம்சாரம் பேர்ல இருக்குது. சந்திரகலான்னு. அதை மாத்தக் கூடாது. அப்புறம், இந்த வீட்டுல பால் காய்ச்சக் கூடாது.”

“காப்பிக்கு?” என்றாள் ஆதிலட்சுமி.

“காப்பிக்குக் காய்ச்சிக்கம்மா. குடி வர்ற அன்னிக்குப் பொங்க விடுவாங்களே, அது வேணாம்.”

ஏன் என்று கேட்டதற்கு அவருக்குக் கண் கலங்கிற்று, அவ்வளவுதான். புருஷன் ராமதாஸ் அவசர அவசரமாகத் தலையாட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேறு என்ன செய்வான்? அது எண்பத்து மூன்றாம் வருஷம். கேஸுக்கு எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது ஊர். அண்ணாமலையார் கோயில் பேகோபுரத்துப் பக்கம், ஆபீசுக்கு நடந்து போகிற தூரத்தில், கேஸோடு ஒரு வீடு கிடைத்தால் பேயே கூடக் குடியிருக்கட்டும் என்றுதான் தோன்றும்.

பேய் இருப்பதாகத்தான் எதிர்வீட்டு வெள்ளையம்மாளும் சொன்னாள். “ஆறு வருஷமாப் பூட்டிக் கெடந்த வீடும்மா. அந்தப் பொண்ணு பால் காய்ச்சுன அன்னிக்கே போயிட்டா. ஒரு ராத்திரி கூட உள்ள படுக்கல. மறுபடியும் பால் பொங்குனா அவ வருவாளாம்.”

“வரட்டும். வந்தா ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்புறேன்,” என்றாள் ஆதிலட்சுமி.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் அவளுக்கும் பேய்ப் பயம் உண்டு. ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கீழ்பென்னாத்தூரில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் மூன்று மாதம் தாண்டுவதற்குள் மண்ணில் போட்டவள் அவள். மூன்றாவது வள்ளி. நாலு மாதக் குழந்தை. இன்னும் மூச்சோடு இருந்தாள். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் பொங்காத வீட்டுக்குள் காலை வைப்பதா? அந்த வீடு உருப்படுமா? மாமியார் வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடவில்லை. இங்கேயும் யாரோ ஒரு ஆள் சொல்வதைக் கேட்க அவளுக்கு என்ன தலையெழுத்தா!

வெள்ளிக்கிழமை, பத்து மணிக்குள் நல்ல நேரம். மிச்சச் சாமானை ஏற்றிவர ராமதாஸ் வண்டியோடு போயிருந்தான். கரண்ட் ஆபீசிலிருந்து வேணு என்கிற லைன்மேன் வந்து, எப்போதோ துண்டித்துவிட்ட ஒயரை மறுபடி கொடுக்க வாசல் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் அவளும் குழந்தையும் மட்டும். கூடத்து உத்தரத்தில் புடவையால் தூளி கட்டி வள்ளியைப் போட்டாள். ஜன்னல் கதவுகள் ஆறு வருஷத்துத் துருவில் இறுகிக் கிடந்தன, அசைக்க முடியவில்லை. உள்ளே பகலிலும் அரை இருட்டு.

அடுப்பு புதிது. சிலிண்டரை மாட்டிக் கொடுத்த ஆள் எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று காட்டிவிட்டுப் போயிருந்தான். அதற்கு முன் அவள் விறகைத் தவிர வேறு எதையும் ஊதியதில்லை. புதுப் பாத்திரத்துக்குக் குங்குமம் வைத்து, பாலை ஊற்றி, தீக்குச்சி கிழித்தாள். நீலமாகப் பூத்தது தீ. பாத்திரத்தின் விளிம்பு வரை பால் ஏறி, நுரைத்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. “அண்ணாமலையானே, எம் புள்ளையக் காப்பாத்துப்பா,” என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். பால் பொங்கும்போது கையை வைத்துத் தடுக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? நன்றாக வழியட்டும் என்று விட்டாள்.

அதற்குள் வள்ளி வீறிட்டாள். ஆதிலட்சுமி கூடத்துக்கு ஓடினாள்.

பத்து நிமிஷம் ஆட்டியும் குழந்தை அடங்கவில்லை. முகத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமிற்று. ஏதோ அழுகிய வெங்காயம் போல ஒரு வாடை. பூட்டிக் கிடந்த வீடு, எலி கிலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே கம்பத்தின் மேலிருந்து வேணு கார்டில் இருந்த பேரைச் சொல்லிக் கத்தினான். “சந்திரகலா அம்மா! கரண்ட் வந்துடுச்சு. ஒரு லைட்டப் போட்டுப் பாருங்க!”

சுவிட்ச் அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையைத் தூக்கிவிட்டாள்.

“தோ, வந்துட்டேங்க!”

குரல் சமையலறையிலிருந்து வந்தது. சின்ன வயதுப் பெண்ணின் குரல், சிரித்துக்கொண்டே ஓடி வருகிற குரல்.

“சரிம்மா!” என்று வெளியிலிருந்து வேணு பதில் சொன்னான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

ஆதிலட்சுமியின் கை அந்தரத்தில் நின்றது. “யாரது?” என்றாள். ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் பாலைப் பொங்க விட்டவள் அவள். தன் பிள்ளைக்காக ஒருத்தியை வரவழைத்துவிட்டு முகம் பார்க்காமல் ஓடுவதா? சுவிட்சை விட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அங்கே யாரும் இல்லை. அடுப்பின் மேல் பால் வழிந்து கிடந்தது. தீ இல்லை. தீ இல்லாமல் பாம்பு சீறுகிற மாதிரி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வாடை முகத்தில் அறைந்தது.

அடுப்பை மூடினாள், சிலிண்டரை மூடினாள், கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தாள். தூளியிலிருந்து வள்ளியை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வெள்ளையம்மாள் வாசலில் பொத்தென்று உட்கார்ந்தாள். “லைட்டு எரியுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வேணு இறங்கினான். “போடாதீங்க! எதையும் போடாதீங்க!” என்று கத்தினாள்.

தகவல் கேட்டுச் சக்கரபாணி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டதும் தெருவிலேயே குந்திவிட்டார்.

“அன்னிக்கும் பால் பொங்கித்தான் அடுப்பு அணைஞ்சுது. சிம்ல வைக்கட்டுமான்னு கேட்டா. நல்லாப் பொங்கட்டும், மங்களம்னு நான்தான் சொன்னேன். புதுக் கரண்ட், புது கேஸ், எல்லாம் அவ பேர்லயே வாங்கினேன்ங்க. மொத லைட்ட அவ கையால போடணும்னு வாசல்லேர்ந்து கூப்பிட்டேன்.”

“இதை வாயத் தெறந்து சொல்லியிருக்கக் கூடாதா?” ஆதிலட்சுமியின் மூக்கு சிவந்துவிட்டது. “எம் புள்ளை போயிருக்குமே! பேய்னு ஊரு சொன்னப்பவாவது, இல்ல, கேஸுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நான்தான் கொன்னேன்னு ஆயிடுமே.” அவர் முகத்தை மூடிக்கொண்டார். “சமையல்கட்டுலேர்ந்து, ‘தோ, வந்துட்டேங்க’ன்னு சொல்லிட்டே ஓடியாந்து சுவிட்சப் போட்டா, அந்தப் பொறியில கேஸ் குப்புன்னு பத்திக்கிச்சு. அதான் அவ கடைசியாப் பேசினது.”

ஆதிலட்சுமிக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வள்ளியை இறுக்கிக்கொண்டு அழுதாள். தான் கேட்ட குரலைப் பற்றி அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த மனுஷன் தாங்க மாட்டார்.

சாயங்காலம் ராமதாஸ் வேறு வீடு பார்க்கலாம் என்றான். வேண்டாம் என்றாள். ஒரு வருஷம் கழித்து, நாமே மனு எழுதிப் பேரை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். அதற்கும் வேண்டாம் என்றாள்.

மீட்டர் பார்க்கிறவன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, “சந்திரகலா!” என்று வாசலில் கூப்பிடுவான். ஆதிலட்சுமி உடனே பதில் சொல்ல மாட்டாள். கைவேலையை நிறுத்திவிட்டு, முதலில் சமையலறையில் அடுப்பைப் போய்ப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான், “தோ, வந்துட்டேங்க,” என்பாள்.