தெரியாது என்று போட்ட புள்ளடி

எழுபத்திரண்டு மணித்தியாலத்தில் அறுபத்தேழு போய்விட்டது. மீதி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஆண்டியப்பன் கொமியூனிகேஷனின் படியில் நின்று கஜனி இந்தக் கணக்கைப் போட்டாள். ஜெயந்தினி பஸ்ஸைத் தவறவிட்டால் போதும். அல்லது ஆறு மணி வரை நெட் வராமல் இருந்தால் போதும். எல்லாம் தானாக முடிந்துவிடும். கஜனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஒன்றேகாலுக்கு நோர்வூட் பஸ் வந்தது. ஜெயந்தினி முதல் ஆளாக இறங்கினாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மார்க்கு கொறைஞ்சது எனக்கா, உனக்கா?"

"சாப்பிட்டியா?" என்றாள் கஜனி.

"சாப்பாடு கெடக்கட்டும். அந்த மதுரைக்காரர உண்டு இல்லன்னு ஆக்கிட்டுத்தான் சாப்பாடு."

கடைக்குள் ஆண்டியப்பன் தொலைபேசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, ரெண்டு புரொபசரும் வந்தாச்சு. பின்னாலதான் போங்க. நெட்டு இன்னைக்கி நல்ல புள்ளையா இருக்கு."

கஜனி ஜெயந்தினியை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள்.

பின்னறையில் இரண்டு கொம்பியூட்டர்கள். நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு பிளைவூட் தடுப்பு. பன்னிரண்டு கிழமைகளாகச் சனியும் ஞாயிறும் இந்தத் தடுப்பின் இரண்டு பக்கமும் இருந்துதான் இருவரும் அந்தப் பாடநெறியைப் படித்தார்கள். மொழியியல் ஓர் அறிமுகம். எங்கோ வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தியது. ஐம்பத்தெட்டு மாணவர்கள். அதில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர்: இவர்கள் இருவர், மதுரையிலிருந்து ஒருவர், டொரொன்டோவில் ஒரு பெண். முடிவில் முதல் பத்து இடங்களுக்குள் வருகிறவர்களுக்கு அடுத்த நிலைப் பாடநெறியில் இடம் உண்டு. சென்னையில் மூன்று கிழமைப் பயிற்சியும் உண்டு.

அதைக் கண்டுபிடித்தவள் கஜனிதான். தாவரவியலில் பட்டம் எடுத்து ஒன்றரை வருடம் வேலைக்குக் காத்திருந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. தனியாக ஒரு கடைக்குப் போய் உட்காரவும் கூச்சம். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஜெயந்தினியைக் கூப்பிட்டாள். ஜெயந்தினி உயர்தரத்தோடு நின்று, தான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே பள்ளிக்கூட டீச்சராகப் போனவள். அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பியதும் கஜனி. முதல் மூன்று ஒப்படைகளின் ஆங்கிலத்தைத் திருத்தியதும் கஜனி.

பொறாமை எப்போது வந்தது என்று அவளுக்குத் திகதியோடு தெரியும். ஓகஸ்ட் பதினைந்து, சனிக்கிழமை. அன்று விரிவுரையாளர் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் இருவருக்கும் பதில் எழுதியிருந்தார். கஜனி தன் வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழைப் பற்றி எழுதியிருந்தாள். 'கவனமாகச் செய்யப்பட்ட வேலை' என்று ஒரு வரி. ஜெயந்தினி தோட்டத்துப் பேச்சைப் பற்றி எழுதியிருந்தாள். அதற்குப் பதினோரு வரி. கஜனி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். கடைசி வரி: 'இதைப் போன்ற ஒன்றைப் படிக்கப் பல வருடங்களாகக் காத்திருந்தேன்.'

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா பேரின்பநாயகம் பத்திரிகையைத் தாழ்த்தினார். கல்விக் கந்தோரில் அதிகாரி. கெட்ட மனிதரல்ல. "உந்தத் தோட்டப் பாஷையையும் வெள்ளைக்காரி இருந்து படிக்கிறாளே?" என்று சிரித்தார். கஜனியும் சிரித்தாள். சிரித்தபோது சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவளைப் பயப்படுத்தியது. ஆனாலும் மறுநாளும் அதை நினைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாமே உறுத்தியது. ஜெயந்தினி தடுப்புக்கு அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரிப்பது. எழுத்துப்பிழையோடு கேள்வி கேட்பது. அதற்கு உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் பதில் போடுவது. தான் பட்டம் எடுத்தவள். தான் பாடப்பகுதிகளை முழுவதும் வாசிப்பவள். அவளோ பாதியை வாசித்துவிட்டு, "இது எங்க லயத்துல நடக்கிறதுதானேடி" என்று மூடிவிடுகிறாள். அதுவே போதுமாக இருக்கிறது.

கடைசி ஒப்படையைத் திருத்தித் தரச் சொல்லி ஜெயந்தினி கேட்டபோது, "எனக்கு நேரமில்லை" என்றாள்.

"சரி, இருக்கட்டும். பிழையோட அனுப்புறேன். ஒன்னோட எக்ஸாம்பிளுக்கு வேணும்னா எங்கம்மாகிட்டச் சொல்லி நாலு வார்த்த பேச வைக்கவா?"

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கடைசி ஒப்படையை மாணவர்களே திருத்த வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் அந்த மொழி தெரிந்த இருவருக்குப் போகும். பெயர் இருக்காது. கட்டுரைக்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் வரும்: 'இதை எழுதியவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?' தெரியும் என்றால் கட்டுரை வேறு ஆளுக்குப் போய்விடும்.

கஜனி அந்தப் பக்கத்தைத் திறந்தது இதே பின்னறையில், இதே தடுப்புக்கு இந்தப் பக்கம். 'மடுவத்திலிருந்து லயம் வரை' என்று தலைப்பு. முதல் வரியிலேயே தெரிந்தது. தெரியாமல் இருக்க வழியே இல்லை. அந்தப் பேச்சைப் பதிவு செய்தபோது தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஜெயந்தினியின் அம்மா அழகம்மா கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்தபோதிலிருந்து, வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வைக்கும் வரை, ஒன்றரை மணித்தியாலம் கஜனி கூடவே நடந்தாள். மடுவத்தில் வேலையை மேற்பார்க்கும் இராமையா கங்காணியை அழகம்மா 'ஐயா' என்றாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் அதே இராமையா வந்து நின்றபோது 'அண்ணே' என்றாள். அவர் அவளுக்குப் பெரியப்பா மகன். அவர் தலை மறைந்ததும் வெறும் 'இராமையா' என்றாள். ஜெயந்தினியின் கட்டுரை முழுவதும் அந்த மூன்று அழைப்புகளைப் பற்றியதுதான். எந்த இடத்தில், யார் நிற்கும்போது, எது மாறுகிறது என்று. ஆங்கிலம் நொண்டியது. மற்றபடி, கஜனி அந்தப் பாடநெறியில் படித்த எதையும்விட அது நன்றாக இருந்தது.

தடுப்புக்கு மேலாக ஒரு கை வந்தது. அதில் பாதி மீன் ரோல்ஸ்.

"இந்தாடி. முழுசா தின்னா எனக்கு ஆகாது."

கஜனி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையைத் துடைத்துவிட்டு, 'தெரியாது' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். இருபதுக்கு ஆறு கொடுத்தாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் எழுதினாள்: 'ஒரே பெண் ஒரே மாலையில் ஒரே ஆளை மூன்று விதமாக அழைத்ததாகக் காட்டுவது நம்பும்படி இல்லை. இந்தப் பேச்சு எழுதியவரே உருவாக்கியதாக இருக்கலாம்.'

ரோல்ஸில் மிளகு கூடுதலாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டாள்.

வியாழன் மாலை ஆறு மணிக்கு முடிவுகள் வந்தன. மற்றத் திருத்துநர் ஜெயந்தினிக்குப் பதினெட்டுக் கொடுத்திருந்தார். சராசரி பன்னிரண்டு. அவள் பதினான்காம் இடம். கஜனி ஒன்பதாம் இடம். கஜனி தானும் பதினெட்டே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஜெயந்தினி மூன்றாம் இடம். தான் பத்தாம் இடம். இருவருமே போயிருக்கலாம்.

விரிவுரையாளரின் குறிப்பு கீழே இருந்தது. இரண்டு திருத்துநர்களின் புள்ளிகளுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் மீளாய்வு கேட்கலாம்.

"எழுதுடி" என்றாள் ஜெயந்தினி இப்போது. ஒரே கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டிருந்தாள். "நான் சொல்றேன், நீ நல்ல இங்கிலீஷ்ல போடு. மொதல்ல, ஐயா அவர்களேன்னு."

"அவ பொம்பிளை."

"சரி, அம்மா அவர்களே. எனக்கு மார்க்கு கொறைஞ்சது பரவால்ல. அத எழுதாத. எழுத வேண்டியது வேற." அவள் விரலால் மேசையைத் தட்டினாள். "எங்கம்மா பேசினது பொய்யின்னு எழுதியிருக்கான். நானே கட்டிவிட்டேனாம். அம்மாகிட்ட இத எப்புடிச் சொல்றதுன்னு மூணு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன். வெள்ளைக்காரங்க என் பேச்சப் படிச்சாங்களான்னு தெனமும் கேக்குது."

"என்ன சொன்னனி?"

"படிச்சாங்க, நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னு சொன்னேன். அதுக்கு அன்னைக்கி பூரா சிரிப்பு. மடுவத்துல எல்லார்கிட்டயும் சொல்லிருச்சு. இராமையா மாமா வந்து, என் பேரையும் போட்டியான்னு கேக்குறாரு."

கஜனி எழுதினாள். தட்டச்சில் அவள் வேகமானவள். இன்று ஒவ்வொரு எழுத்தையும் தேடினாள்.

"மதுரைக்காரராத்தான் இருக்கும்" என்றாள் ஜெயந்தினி. "அன்னைக்கி எல்லாரும் பாக்குற பக்கத்துல என்னோட வாதம் பண்ணினாரே. டொரொன்டோ அக்கா அப்புடி எழுத மாட்டாங்க."

"அவராய் இருக்காது."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

கஜனி அடித்த வரியை அழித்து மறுபடி அடித்தாள். ஜெயந்தினி கைப்பையைத் திறந்து ஒரு மெமரி கார்டை எடுத்தாள். அன்று பதிவு செய்ததை கஜனிதான் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். "இதையும் சேத்து அனுப்புவோம். காதாலயே கேக்கட்டும்."

கோப்பு மெதுவாக ஏறியது. நூற்றுக்கு நான்கு. நூற்றுக்கு ஐந்து. விண்ணப்பத்தின் கீழே இன்னும் ஓர் இடம் நிரப்பாமல் இருந்தது: தரவு சேகரித்தபோது இதே பாடநெறியின் வேறு மாணவர் கூட இருந்தால், அவருடைய பெயரும் பதிவு எண்ணும்.

ஜெயந்தினி கையைத் தட்டினாள். "பாத்தியா! சாட்சி வேணுமாம். நீதானே நின்ன!" விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கஜனி பேரின்பநாயகம் என்று அவளே அடித்தாள். அவள் எழுதியதிலேயே பிழையில்லாத ஆங்கிலம் அதுதான். "நம்பரச் சொல்லு."

முப்பத்தொன்று. யாருடைய கட்டுரையை யார் திருத்தினார்கள் என்ற பட்டியல் விரிவுரையாளரிடம் இருக்கும். திருத்தியவர் முப்பத்தொன்று, எழுதியவரைத் தெரியாது என்று புள்ளடி போட்டவர். சாட்சியும் முப்பத்தொன்று. விரிவுரையாளர் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதோடு கஜனியின் ஒன்பதாம் இடம் போய்விடும்.

ஓர் இலக்கத்தை மாற்றிச் சொல்லலாம். முப்பத்தேழு என்று சொல்லலாம். அந்த எண்ணில் இருப்பவர் பிரேசில்காரர். சாட்சி செல்லாது, மீளாய்வும் செல்லாது. ஜெயந்தினி ஒருபோதும் கண்டுபிடிக்க மாட்டாள். மதுரைக்காரரைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

"என்னடி, ஒன் நம்பரே ஒனக்கு மறந்துபோச்சா?"

"நினைவு வரேல்லை. இரு."

"யோசி. அது வரைக்கும் நான் இதக் கேக்குறேன். சத்தம் சரியா இருக்கான்னு பாப்போம்."

ஜெயந்தினி பதிவை அங்கங்கே தள்ளித் தள்ளி ஓடவிட்டாள். முதலில் மடுவத்தின் இரைச்சல். தராசுச் சங்கிலி. பிறகு அழகம்மாவின் குரல், மேலே பார்த்துப் பேசுகிற குரல்: "ஐயா, நாளைக்கி என்னய மேல் மலைக்குப் போட்டுறாதீங்க ஐயா, முட்டி ஒத்துக்கல." அடுத்து நடை. யாரோ இருமினார்கள்; கஜனிக்குத் தன் இருமல் தெரிந்தது. லயத்து வாசலில் ஒரு கதவு திறந்தது. "அண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே." ஆண் குரல் ஒன்று வேண்டாம் என்றது. செருப்புச் சத்தம் தேய்ந்தது. "இந்த இராமையாவுக்கு வாய் இருக்கிற அளவுக்கு மூள இருந்தா தோட்டத்துக்கே தொரையா ஆயிருப்பான்."

முன்னறையிலிருந்து ஆண்டியப்பன் சிரித்தார். "யாரு அது? நல்லாப் பேசுறாங்களே!"

"எங்கம்மா!" என்று ஜெயந்தினி கத்தினாள்.

பதிவு இன்னும் முடியவில்லை. கட்டுரையில் வராத பகுதி. கஜனி அதை மறந்திருந்தாள். குவளை வைக்கும் சத்தம். அழகம்மாவின் குரல் மிக அருகில் வந்தது.

"ஏம்புள்ள, அத வச்சிட்டு உக்காரேன். வந்ததுலருந்து தூக்கிப் புடிச்சிக்கிட்டே நிக்கிற. கை வலிக்காதா?"

"பரவாயில்லை அம்மா" என்றது கஜனியின் குரல்.

"ஜெயந்தினி, இந்தப் புள்ளைக்கி மொதல்ல ஒரு ரொட்டியக் குடு. நமக்காக வந்திருக்கு."

அதோடு பதிவு நின்றது. திரையில் நூற்றுக்கு நூறு என்று வந்திருந்தது. இரண்டு மணி இருபது. அனுப்பும் பொத்தான் மட்டும் பாக்கி. பதிவு எண் எழுதும் இடத்தில் கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது.

"ஞாபகம் வந்துச்சா?" ஜெயந்தினி விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்தொன்று" என்றாள் கஜனி.

ஜெயந்தினி மூன்றை அடித்தாள். ஒன்றை அடித்தாள்.

"அனுப்பாதை. முதல்ல நான் சொல்லுறதைக் கேள்."

"அனுப்பிட்டுக் கேக்குறேன்டி."

"இல்லை. இப்பவே." அவளுடைய குரல் பதிவில் கேட்டதைவிடச் சிறியதாக இருந்தது. "மதுரைக்காரர் இல்லை. உன்ர கட்டுரை எனக்குத்தான் வந்தது. உன்ரை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் தெரியாது எண்டு போட்டனான். ஆறு போட்டதும், அம்மா பேசினது பொய் எண்டு எழுதினதும் நான்தான்."