செருப்புக்குக் குத்திய முத்திரை

அம்சவல்லிக்கு முகம் வரைய வரும், கால் வரைய வராது. என்ன செய்ய, அந்த ஊரின் நோவு முழுக்கக் காலில்தான் இருந்தது.

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சுகாதார நிலையத்தில் அவள் தற்காலிக ஊழியர். பக்கத்து ஊர் விவசாயக் கூலியின் மகள், பத்தாவது முடித்தவள். கீழத்தெருப் பெண்கள் நாற்றுக்கட்டைத் தூக்கினாலே மூச்சு வாங்கினார்கள். வெறும் உள்ளங்கால் வழியே கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. நடவு வயலில் செருப்பு போட முடியாது, சரி. கரையிலும் தெருவிலுமாவது போடலாமே. அதுவும் முடியாது. வயலுக்குப் போகும் வழியில் பெரிய தெரு இருந்தது, பெரிய தெருவில் கீழத்தெருக் கால் செருப்போடு நடக்கக் கூடாது. அந்தக் கால்களுக்குச் செருப்பு மாட்டாமல் ஓய்வதில்லை என்று அம்சவல்லி கங்கணம் கட்டியிருந்தாள்.

படம் போட்ட அட்டைகள் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வாய்க்கால் ஓரம் குந்தியிருப்பவன், கலங்கல் தண்ணீர் குடிப்பவள், வெறுங்காலோடு நடப்பவன் என்று முதலில் கெட்ட பழக்கங்களாகப் பார்த்து வரைந்தாள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டு டீக்கடையில் மாட்டினாள். ஒரு வாரம் கழித்துப் போனால், இத்தனை நாள் கூச்சப்பட்டுத் தாழம்புதருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டிருந்த வீரையன், வாய்க்கால் கரைக்கே குடிபெயர்ந்திருந்தான்.

"அட்டையில போட்டிருக்கே ஆயி," என்றாள் ராசம்மாள். நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி, வாயிலும் தலைவி. "படத்து மேல பெருக்கல் குறி இருந்தா அதுக்குத்தான் குத்தணும். கவர்மெண்டு சொன்னா கேக்கணும்ல?"

அம்சவல்லிக்குத் தலை சுற்றியது. அது அறுபத்தேழாம் வருஷம், பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்திருந்தது. கட்சிக்காரர்கள் ஒரு மாதம் தெருவிலேயே பாய் போட்டுப் படுக்காத குறையாகப் பாடம் நடத்தியிருந்தார்கள்: படத்தைப் பார், அதன் மேல் பெருக்கல் முத்திரையைக் குத்து. இவர்களும் குத்தினார்கள். ஆட்சியே மாறிப்போனது. அப்படிப்பட்ட குறிக்குத் 'தப்பு' என்று அர்த்தம் சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வழியெல்லாம் தனியாகச் சிரித்தபடி போனாள்.

இரண்டாம் முறை நல்ல பழக்கங்களை மட்டும் வரைந்தாள், குறி எதுவும் போடவில்லை. மாட்டுவதற்குள் பஞ்சாயத்து பிரசிடெண்டிடமிருந்து ஆள் வந்துவிட்டது. பிரசிடெண்ட் மிராசுதார் நாகேஸ்வரன், பெரிய தெருவில் பாதிக்குச் சொந்தக்காரர். அவர் ஒரு வரி எழுதிப் போட்டால் தற்காலிக வேலை அன்றோடு சரி.

அவர் ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினார். சோப்புக்குத் தலையாட்டினார், கொதித்த தண்ணீருக்குத் தலையாட்டினார், முருங்கைக்கீரை தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும் என்றுகூடப் பெருமைப்பட்டார். செருப்பு அட்டையில் கை நின்றது. புழுவைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. இன்றைக்குச் செருப்பு போடுகிறவன் நாளைக்குக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்பான், ஏற்கெனவே சிவப்புக் கொடிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் கவலை.

"கிழிக்க வேண்டாம். கூடாதுன்னு பெரிசா ஒரு பெருக்கல் போட்டு மாட்டு. எல்லாருக்கும் புரியட்டும்," என்றார். பள்ளிக்கூட நிர்வாகியாகப் பல வருஷம் இருந்தவர். பெருக்கல் என்றால் அவருக்குத் தப்பான கணக்கு, அவ்வளவுதான்.

அம்சவல்லிக்கு வந்தது பயமா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைப் பரம சாதுவாக வைத்துக்கொண்டாள்.

"ஐயா கையாலயே போட்டு, கீழ கையெழுத்தும் போட்டுட்டா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. சிவப்புப் பென்சிலை எடுத்து மூலைக்கு மூலை இழுத்தார். கையெழுத்து, தேதி, பஞ்சாயத்து முத்திரை எல்லாம் விழுந்தன. அவள் அதை டீக்கடையில் மாட்டினாள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. பிரசிடெண்டே செருப்புக்குக் குத்திவிட்டார் என்ற சேதி சாயங்காலத்துக்குள் கீழத்தெருவைச் சுற்றி வந்துவிட்டது. அடுத்த மன்னார்குடிச் சந்தையில் டயர் செருப்புக்குத் தட்டுப்பாடு. தாலுகா அதிகாரிக்கு அவள் எழுதிய அறிக்கையிலும் பொய் கிடையாது: 'செருப்பு அட்டையில் பிரசிடெண்ட் அவர்களே குறியிட்டுக் கையெழுத்திட்டார்.'

பத்தாம் நாள் காலையில் பெரிய தெருவில் சடக் சடக் என்று ஒரே சத்தம். நாகேஸ்வரன் வாசலுக்கு ஓடி வந்தார். நடவுக்குப் போகும் இருபது பேர், நாற்பது செருப்பு. யார் சொல்லி இந்தத் துணிச்சல் என்று கேட்டார்.

ராசம்மாள் நின்று நிதானமாகச் சொன்னாள். "நீங்க குத்தினதுக்குத்தாங்க நாங்களும் குத்தியிருக்கோம்."

அவர் அம்சவல்லியைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே நினைத்து வந்தாள். ஆனால் அவர் கையில் அன்றைய தபால் இருந்தது. முன்மாதிரிப் பிரசிடெண்ட் என்று அதிகாரி பாராட்டி, கலெக்டருக்கும் நகல் அனுப்பியிருந்தார். செருப்பு கூடாது என்று தடுக்கத்தான் குறி போட்டேன் என்று இனி யாரிடம் சொல்வது? சொன்னால் தீண்டாமைச் சட்டத்தில் அவரே உள்ளே போக வேண்டும். கடிதத்தை இரண்டு முறை மடித்தார், பிரித்தார். வெளியே அடுத்த கோஷ்டி நடந்து போனது.

"சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு," என்றார் கடைசியில்.

"புதுசுங்க," என்றாள் அம்சவல்லி. "போகப் போகப் பழகிடும்."