தலைக்கு மேல் நின்ற லாஞ்சு

கட்டுமாவடிக்குக் கிழக்கே, மூன்று ஆள் ஆழத் தண்ணீருக்கு அடியில், நெய்னா முகம்மது பதினேழு வருஷம் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தான். சாகவில்லை. கடல் தெளிந்த நாட்களில் அவன் கண் இமைப்பதுகூட மேலிருந்து தெரியும். அவன் இலங்கைக்கு அபின் கடத்துகிறவன். அவனைத் துரத்திய சுங்க இலாகா லாஞ்சில் சுக்கான் பிடித்த மீரா சாகிபு, அவன் மனைவி சாரா உம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். பெருநாளன்று இருவரும் ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள்; மறுநாள் ஒருவர் ஓட ஒருவர் துரத்துவார்கள். பிழைப்பு அப்படி.

கடத்துகிறவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. லாஞ்சைக் கண்டதும் டப்பாக்களை உப்புச் சாக்கோடும் மிதவைக் கட்டையோடும் சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். லாஞ்சு தேடிச் சலித்துப் போய்விடும். உப்பு கரைந்ததும் சரக்கு தானாக மேலே வரும். 1949 மாசியில் ஒரு விடியற்காலை, தப்ப வழியில்லாமல், நெய்னா சரக்கைத் தள்ளிவிட்டுத் தன் இடுப்பிலும் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு முங்கினான். மறுநாள் டப்பாக்கள் வந்தன, ஆள் வரவில்லை. “டப்பா வந்தா ஆளும் வந்துதானேய்யா ஆகணும்? இருந்து பிடிப்போம்” என்றார் இன்ஸ்பெக்டர் சிவசாமி. அவனுக்காகவே மேல்பதவியை வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்தக் கரையிலேயே தங்கிவிட்ட மனுஷர் அவர்.

சங்கு குளிக்கிறவர்களை இறக்கிப் பார்த்தார்கள். கிட்டே போகப் போக ஆழம் கூடிக்கொண்டே போவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கூலிகூட வாங்காமல் ஓடினார்கள். அதன்பின் மற்ற நாட்களில் டீசல் நாற்றத்தோடு கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றுகொண்டு, வருகிற தோணியையெல்லாம் மறித்து மூட்டைகளைக் குத்திப் பார்த்த லாஞ்சுக்காரர்கள், திங்கட்கிழமை தவறாமல் நெய்னாவின் தலைக்கு மேல் லாஞ்சைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எஞ்சினை நிறுத்தியதும் அவன் மூச்சு குமிழி குமிழியாக வந்து அடித்தகட்டைத் தட்டும். அது கேட்கிறவரை லாஞ்சில் இருந்த அத்தனை பேரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஏனென்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த இடம் தப்பாமல் தெரிந்தவர் மீரா சாகிபு ஒருவர்தான். அவரும் ஆசையோடுதான் போனார். குனிந்து ஊர்ச் சேதி சொல்வார். தன் உம்மா, அதாவது நெய்னாவின் மாமியார், மவுத்தாகி அடக்கம் செய்ததைக்கூட அப்படித்தான் சொன்னார். நெய்னா ஆட்காட்டி விரலை மேலே உயர்த்துவான். தொழுகை இருப்பில் கலிமா சொல்லும்போது உயர்த்துகிற மாதிரி விரலை உயர்த்தியிருக்கிறார் என்று இவருக்குக் கண் கலங்கும். கரையில் அந்தச் சேதியைக் கேட்டவர்கள் நெய்னாவைப் பற்றி மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். ஜமாஅத்தில் சாரா உம்மாளைப் புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தா இருக்கச் சொன்னபோது, உயிரோடு இருக்கிற புருஷனுக்கு வெள்ளைச் சேலை எதற்கு என்று கேட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் வருவான் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பிடிமானம் இல்லை.

1966இல் ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அண்ணனிடம் கேட்டாள்: “விரலை எப்பவும் தூக்கியேவா வச்சிருக்காக?”

“இல்லம்மா. நாங்க போயி நின்னதும் தூக்குவாக.”

முறம் அப்படியே நின்றது. “அது கலிமா இல்ல காக்கா. ஒங்க லாஞ்சைக் காட்டுறாக. உப்பு எப்பவோ கரைஞ்சிருக்கும். தலைக்கு மேல நீங்க நின்னா அவுக எப்படி வருவாக?”

பாசத்தோடு போய்ப் போய், இத்தனை வருஷமும் தானே அவனை அமுக்கி வைத்திருந்ததை நினைத்து அன்று மீரா சாகிபு சோறு தின்னவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சுக்கானைத் தெற்கே திருப்பி, வெறும் மணல் தெரிந்த ஓர் இடத்தில் லாஞ்சை நிறுத்தினார். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. சிவசாமி எட்டிப் பார்த்தார். “ஆள் எங்கய்யா?”

“இங்கதான் சார் இருந்தாரு. போயிட்டாரு போல.”

சிவசாமி கரையைப் பார்த்தார், சுக்கானைப் பார்த்தார், மீரா சாகிபின் முகத்தையும் வெகுநேரம் பார்த்தார். “சரி, திருப்புங்க” என்றார். அதற்கப்புறம் லாஞ்சு அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை நெய்னா சொட்டச் சொட்டக் கடலிலிருந்து நடந்து வந்தான். முங்கியபோது இருந்த அதே இருபத்தைந்து வயது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் “வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். கதவைத் திறந்த நரைத்த தலையைக் கண்டு அவன் மரியாதையாக ஒதுங்கி நின்றான். “லாஞ்சு போயிருச்சு மாமி. சாரா இருக்காளா?”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. “இருக்கா. உள்ள வாங்க, மொதல்ல தலையைத் துவட்டுங்க” என்று முந்தானையை நீட்டினாள். நான்தான் சாரா என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம், சாரா எங்கே என்று அவன் கேட்கும்போதெல்லாம் வந்துருவா என்று சொல்லி, மாமியாகவே சோறு போட்டாள். அடுத்த வாரம் ஒரு காலையில், அரிசியைக் கொத்த வந்த கோழியை அவள் வாய்க்கு வந்தபடி திட்டி விரட்டுவதைக் கேட்டு உள்ளேயிருந்து எழுந்து வந்தவன், அவளையே பார்த்துக்கொண்டு நின்று, “சாரா” என்றான்.