ஏந்தித் தூக்குவது

"கட்டைவிரலை உள்ள வெச்சு மூடுங்க" என்றார் டாக்டரம்மா.

மூடினேன். வெளியே நாற்பது நிமிஷம் காத்திருந்தபோது வலியே இல்லை. டாக்டரைப் பார்க்கப் போனால் மட்டும் வலி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ, தெரியவில்லை. வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்தோமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் முஷ்டியைப் பிடித்துச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். "அய்யோ!" என்று கத்திவிட்டேன். கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. கதவுக்கு வெளியே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பிறகு கட்டைவிரல் மூட்டை அழுத்தித் திருகிப் பார்த்தார். அங்கே வலிக்கவில்லை. "அப்ப எலும்புத் தேய்மானம் இல்ல" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தார். இரண்டு கயிறு, ஒரு குறுகலான குழாய். குழாயின் சுவர் தடித்துவிட்டதாம். கட்டைவிரலை அசைக்கும்போதெல்லாம் கயிறு உரசுகிறதாம்.

"நரம்புங்களா?"

"நரம்பு இல்ல. தசைநாண்."

எனக்குத் தொழில் பிழை திருத்துவது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியாகப் பார்த்து ஒற்று, காலம், எழுவாய், பயனிலை எல்லாம் சரிசெய்கிறவன். அந்தச் சொல்லை எத்தனை புத்தகத்தில் 'தசைநார்' என்று மாற்றித் தொலைத்திருக்கிறேனோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"பத்து மாசம். பொண்ணு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இது அதிகமா அம்மாக்களுக்குத்தான் வரும். உங்களுக்கு வந்திருக்குன்னா, குழந்தையை நீங்களும் தூக்குறீங்கன்னு அர்த்தம்."

பாராட்டா, நையாண்டியா என்று பிடிபடவில்லை. அவர் மேஜையிலிருந்த துண்டைச் சுருட்டி என் முன்னால் வைத்தார். "அக்குள்ல கட்டைவிரலை விரிச்சுக் கொடுத்துத் தூக்காதீங்க. மொத்தப் பாரமும் அதுலதான் விழும். உள்ளங்கை மேல பார்க்கணும். கட்டைவிரல் மத்த விரலோட ஒட்டி இருக்கணும். இப்படி ஏந்தித் தூக்குங்க" என்று, துண்டை இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக் காட்டினார்.

அந்தத் தூக்கலை நான் மாதக்கணக்காகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். எடுத்தவள் என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது வலது மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். நான் படித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "ஃபோன் நோண்டுறதைக் குறை, தன்னால சரியாப்போயிடும்" என்றேன். பிறகு ஒருநாள் வந்த அக்கா, "என்னடா, உன் பொண்டாட்டி பிள்ளையை ட்ரே மாதிரி தூக்குறா? பெத்தவளுக்கு ஒரு ஒட்டுதல் வேணாம்?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சமையலறையில் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. விடுப்பு முடிந்து அவள் வேலைக்குப் போனதும் நான் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து குழந்தையையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஊசி வேண்டாம் என்று அவள், வருகிறவர்களின் பெயர் பதிகிற மேஜைக்கு மாறிக்கொண்டாள். "உட்கார்ந்த இடத்துல வேலை, சொகுசு கண்டுட்டா" என்று நாலு பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

"நாலு வாரம் இந்தப் பட்டையைக் கழட்டாதீங்க" என்று என் வலது மணிக்கட்டில் மாட்டிவிட்டார் டாக்டரம்மா. "கேக்கலன்னா ஒரு ஊசி. அதுக்கும் கேக்கலன்னா சின்ன ஆபரேஷன். சீக்கிரமே வந்துட்டீங்க, பட்டையே போதும்னு நினைக்கிறேன். தள்ளிப்போடுறவங்களுக்குத்தான் கஷ்டம்."

கறுப்புப் பட்டை, கட்டைவிரல் நுனி வரை. அன்று அவளுக்கு விடுமுறை; அச்சகத்துக்குப் போவதாக அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பது? வழியெல்லாம் அது ஒன்றுதான் யோசனை. அவள் நாலு வார்த்தை திட்டிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

கதவைத் திறந்தவள் இடது இடுப்பில் குழந்தை. கையைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"மணிக்கட்டு. கட்டைவிரல் பக்கம்."

இதோ சொல்லப்போகிறாள், ஃபோனைக் குறைங்க என்று. சொல்லவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா." செருப்பைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன். "உனக்கும் இதேதான் இருந்துச்சு. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் தப்புதான்."

"இருக்கு" என்றாள்.

"என்னது?"

"இருந்துச்சு இல்ல. இருக்கு."

அடுத்தவன் எழுதிய காலப்பிழையைச் சிவப்பு மையில் சுழித்துச் சோறு தின்கிறவன் நான். ஏழு மாதம் என் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருந்திருக்கிறது. வாய் சும்மா இருக்கிறதா?

"சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை சொன்னேன்."

எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம் இருந்தது. அவள் குரலில் கோபம் இல்லை. பதிவு மேஜையில் யாரோ ஒருவருடைய வயதைக் கேட்டு எழுதுகிற குரல். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் குழந்தையை அதன் நாற்காலியில் இறக்கினாள், உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்க.

இருமல் மருந்துக்கு நேரமாகியிருந்தது. அமுக்கிக்கொண்டே திருகினால்தான் திறக்கும் மூடி அது. தினமும் என்னிடம்தான் நீட்டுவாள். "ஒரு மூடி திறக்கத் தெரியல, இதுல வேலைக்கு வேற போறா" என்று கிண்டல் செய்துகொண்டே திறந்து கொடுப்பேன். இன்றும் பழக்கத்தில் நீட்டினாள். பட்டையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன். காலையிலயே" என்றேன்.

"முதல்ல இதைத் திறங்க."

பாட்டிலை மேஜைமேல் வைத்து இடது கையால் இறுக்கினாள். நான் என் இடது உள்ளங்கையை மூடிமேல் வைத்து அமுக்கித் திருகினேன். பாட்டில் வழுக்கிச் சுற்றியது. குழந்தை நாற்காலித் தட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அழுத்திப் பிடி."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.