மூடி திறந்திருந்த கெட்டில்

"எந்த மிஷினுடி என் தம்பிய அடிச்சது?"

ஆட்டோ முழுதாக நிற்பதற்குள் மங்கலம் இறங்கிவிட்டாள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. ஷாமியானாவின் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் ராஜவேல் படுத்திருந்தார். பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அழுதவள், தலையை நிமிர்த்தி மறுபடியும் அதையே கேட்டாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த குணசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். புருஷனின் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவேண்டியிருந்தது. காலையிலிருந்தே யார் பேசினாலும் அது கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

"டாக்டர் வந்து பாத்துட்டாரு அண்ணி. ஹார்ட் அட்டாக்குன்னாரு."

"கிச்சன்ல சுவிட்சுகிட்ட வுழுந்து கெடந்தான்னு பிரிசில்லா போன்ல சொன்னாளே. நாடியப் புடிச்சிப் பாத்தா கரண்டு தெரியுமா? நான் அன்னிக்கே சொன்னேன். ஊரான் வூட்டுக் கெட்டுப்போன சாமானெல்லாம் கொண்டாந்து வூட்டுக்குள்ள அடுக்கி வெச்சிருக்கா, என்னிக்காவது ஒரு நாள் ஆவப்போவுதுன்னு."

பக்கத்து வீட்டு பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாமான்கள் அடுக்கியிருந்தது உண்மைதான். முன்னறை முழுவதும் குணசுந்தரியின் சர்வீஸ் கடை. இண்டக்ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், ஓவன் என்று சூடாகாமல் போன சமையலறைச் சாமான்கள் மஞ்சக்குப்பத்தில் எங்கிருந்தும் அவளிடம்தான் வரும். கல்யாணத்துக்கு முன் சிதம்பரத்தில் ஒரு கடையில் கற்றுக்கொண்ட வேலை. ராஜவேல் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்து வரக்காப்பி போட்டுக்கொள்வார். இன்றைக்கும் அப்படித்தான் எழுந்திருந்தார்.

"போலீசுக்கு சொல்லுங்க," என்றாள் மங்கலம், தன் கணவர் பூவராகனிடம். "பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போவட்டும். அறுத்துப் பாத்து சொல்லட்டும்."

"ஏய், என்னா பேசற நீ?"

"என் தம்பி செத்ததுக்குக் காரணம் தெரிய வேணாமா எனக்கு?"

கோயம்புத்தூரில் படிக்கும் குணசுந்தரியின் மகள் அனுப்பிரியா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து எதைப் பார்ப்பாள் என்ற நினைப்பு மட்டும் குணசுந்தரிக்குள் எங்கோ ஓரமாக நகர்ந்தது.

"நீ போயி பாத்தப்ப மொதல்ல என்னா பண்ண?" மங்கலம் குணசுந்தரியின் பக்கம் திரும்பினாள்.

"சுவிட்ச ஆஃப் பண்ணேன்."

"அவனத் தொடறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்ப உனக்கே சந்தேகம் இருந்திருக்குல்ல?"

இருந்தது. கீழே கிடந்தவரைப் பார்த்ததும் கை தானாகச் சுவிட்சுக்குத்தான் போனது. அதன் பிறகுதான் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கத்தினாளா என்பதுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

அவள் எழுந்தாள். "வாங்க அண்ணி. நீங்களே கூட இருந்து பாருங்க."

சமையலறையில் யாரோ கெட்டிலை மேடையின் மூலைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். குணசுந்தரி முதலில் பிளக் பாயிண்டைச் சோதித்தாள். கோளாறில்லை. எர்த்தும் சரியாக இருந்தது. கெட்டிலை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து மேஜை விளக்கைப் போட்டாள். மங்கலம் எதிரே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பூவராகன் வாசற்படியில் நின்றார்.

உடம்புக்குக் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. அதன் ஒரு முனையை பிளக்கின் பித்தளைக் காலிலும் மற்றதை கெட்டிலின் ஸ்டீல் உடம்பிலும் வைத்து அழுத்தினாள். கசிவு இருந்தால் எண் சரியும். சரியவில்லை.

"ஷாக் அடிக்கிற சாமான் இல்ல அண்ணி."

"தண்ணி ஊத்திப் போட்டுக் காட்டு."

ஊற்றிப் போட்டாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

"பாத்தியா! கெட்டுப்போயிருக்குல்ல?"

குணசுந்தரி தண்ணீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலைக் கவிழ்த்து அடித்தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். கை வழக்கம்போல வேலை செய்தது. உள்ளே வெறும் கெட்டில் காய்ந்தால் கரண்டை அறுத்துவிடும் சின்னத் தகடு வளைந்து நின்றிருந்தது; கையால் தட்டாமல் அது நிமிராது. ஹீட்டரின் முனையிலேயே நேராக மீட்டரை வைத்துப் பார்த்தாள். அங்கும் கசிவில்லை. பிறகு கெட்டிலை நிமிர்த்தி விளக்கின் கீழே பிடித்தாள். அடிப்பாகம் நீலம் பாய்ந்திருந்தது. உப்புத்தண்ணீரின் வெள்ளைக் கறை கருகிப் பொருக்காக ஒட்டியிருந்தது.

தண்ணீர் கொதித்ததும் அணைந்துவிடுகிற கெட்டில்தான் அது. ஆனால் மூடி சாத்தியிருந்தால்தான் ஆவி உள்ளே சுற்றிவந்து சுவிட்சைத் தட்டிவிடும். காலையில் அவள் பார்த்தபோது மூடி திறந்திருந்தது. மேடைக்கு மேலே டைல்ஸ் முழுக்கத் துளித்துளியாக நீர் வடிந்துகொண்டிருந்தது. அப்போது அது கண்ணில் பட்டதே தவிர மனதில் படவில்லை.

தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சுவிட்சைப் போட்டிருக்கிறார். மூடியை மூடுவதற்குள் விழுந்திருக்கிறார். தண்ணீர் கொதித்திருக்கிறது. கெட்டில் நிறைய இருந்த தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாகிப்போய், அடி காய்ந்து, கடைசியில் இந்தத் தகடு வளைந்திருக்கிறது. அதற்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு மீட்டர் தேவையில்லை.

அந்த நேரமெல்லாம் அவள் இதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். கல்யாண மண்டபத்துக் குக்கர் ஒன்றை அவசரமாகக் கேட்டிருந்தார்கள். கருகிய ஒயரின் நாற்றம் வீட்டுக்குள் போகக் கூடாதென்று நடுக்கதவைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்திருந்தாள். துருப்பிடித்த ஸ்க்ரூவைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டாரா என்று தெரியாது.

"என்னாடி, பேச மாட்டேங்கற?"

"தண்ணி இல்லாமக் காஞ்சா தானா கட்டாயிடும் அண்ணி. அதுக்குன்னே வெச்சிருக்கறது. இது கெட்டுப்போவல."

"தண்ணி இல்லாமயா? தண்ணி எங்க போச்சி?"

குணசுந்தரி கழற்றி வைத்த ஸ்க்ரூக்களை விரலால் ஓரிடத்தில் கூட்டினாள்.

"ஊத்தல. வெறும் கெட்டில ஆன் பண்ணிட்டாரு. தூக்கக் கலக்கம். போட்ட ஒடனே வுழுந்திருக்காரு."

மங்கலம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப ரொம்ப நேரமெல்லாம் கெடக்கல?"

"இல்ல அண்ணி."

"கூப்புட்டிருக்க மாட்டானா?"

"அதுக்கெல்லாம் நேரமே இருந்திருக்காது. நான் ஒடனே போயிட்டேன்."

மங்கலம் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சத்தமில்லாமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதாள். "நல்ல சாவுதான். கஷ்டப்படாம போய்ட்டான்," என்று பூவராகனைப் பார்த்துச் சொன்னாள். அவர் போலீஸ் பேச்சு மறுபடி எழுவதற்குள் வெளியே போய், எப்போது எடுக்கலாம் என்று மற்றவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்.

குணசுந்தரி அடித்தட்டை வைத்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினாள். 

அனுப்பிரியா மூன்று மணிக்கு மேல் வந்தாள். வந்தவள் அம்மாவின் மடியில் விழுந்து, "எப்பிடிம்மா?" என்று கேட்டாள். மங்கலம்தான் பதில் சொன்னாள். "ஒரு நிமிஷங்கூட இல்லடி கண்ணு. உங்கம்மா ஒடனே ஓடிப் பாத்திருக்கா." குணசுந்தரி மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஸ் ஜன்னல் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். கெடிலம் ஆற்றங்கரையை நோக்கிப் பறைச்சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பிரிசில்லாவும் இரண்டு பெண்களும் கூடத்தைக் கழுவிவிட்டார்கள்.

குளிக்க வெந்நீர் பிரிசில்லாவின் வீட்டிலிருந்து பெரிய அண்டாவில் வந்தது. கொல்லைப்புறக் குழாயடியில் குணசுந்தரியைப் பலகைமேல் உட்காரவைத்து, மங்கலம் சொம்பால் மொண்டு தலையில் ஊற்றினாள். அனுப்பிரியா துண்டோடு நின்றாள்.

"சூடு போதுமா குணா?"

"ம்."

இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிய பிறகு மங்கலத்தின் விரல்கள் தண்ணீருக்குள் போயின. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, இன்னும் வெளாவவே இல்லியா இது? அனு, பச்சத்தண்ணி கொண்டு வாடி, சீக்கிரம். ஏண்டி, வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

குணசுந்தரியின் தோளும் முதுகும் சிவந்திருந்தன. அவள் அடுத்த சொம்புக்காகத் தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.