கேசட் சுற்றிய நாள்

குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டுக் கத்த வாயைத் திறந்த ராமதாஸ், மனைவியின் இடுப்பைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார். குணவதி சேலைக்கு மேல் ஒரு பட்டை கட்டியிருந்தாள். அதில் தொங்கிய பெட்டிக்குள், சின்னக் கண்ணாடி வழியே, கேசட் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“டேப்பா அது?”

“ஆமா. நாளைக்குக் காலையில வரைக்கும் ஓடும்.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கிளினிக்கில் நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்டி வயர் மாட்டிய நர்ஸ் நூர்ஜான் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்: “பேச்செல்லாம் இதுல ஏறாதும்மா, நெஞ்சுத் துடிப்பு மட்டும்தான். வழக்கம்போல எல்லாம் செய்யுங்க. படபடன்னு வந்தா இந்தப் பொத்தான அமுக்கி, மணிய எழுதி வச்சிருங்க.” அறுபது தாண்டிய பெண்களுக்கு அந்த மாதம் பரிசோதனை. குணவதி தானாகவே போய்ப் பெயர் கொடுத்தாள். எட்டு மாதமாக, காலைப் பிடித்துத் தூக்கிய கோழி போல நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எப்போது என்பதும் அவளுக்குத் தெரியும்: அவர் குரல் உயரும்போது. அதே மாடியில் இருக்கும் பத்மாவதிக்கும் இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வாய் கோணிக்கொண்டது. இரண்டு வருடமாக அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. முன்னமே தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

ராமதாஸ் தட்டை மறுபடி இழுத்து, உப்புக் குழம்பைப் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர். அன்று மாலை தானே காப்பி கலக்கிக்கொண்டார். ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். “நீ சாப்பிட்டியாம்மா?” என்று, மேலதிகாரியிடம் பேசும் குரலில், பெட்டியைப் பார்த்துக் கேட்டார். நாற்பது வருடத்தில் அவள் காதில் விழாத கேள்வி.

சொல்லிவிட வேண்டும் என்று குணவதிக்குத் தெரிந்தது. இது பேச்சைப் பிடிக்காது என்று சொன்னால் போதும். அவர் கத்துவார், நெஞ்சு அடிக்கும், கேசட்டில் ஏறும். அதற்குத்தானே கட்டிக்கொண்டு வந்தாள். விளக்கேற்றிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு, சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தாள். கீழ்மாடிச் சீனர் வீட்டில் மாஜோங் ஆட்டக் கட்டைகள் உருளும் சத்தம் இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நூர்ஜான் கொடுத்த தாளில் ‘4.00 துணி மடித்தேன், 6.45 விளக்கு’ என்று எழுதியதோடு சரி. பொத்தானை அமுக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று மதியமே வீடு பழையபடி ஆனது. ஒரு வாரம் கழித்து முடிவு கேட்கப் போனபோது நூர்ஜான் சிரித்த முகத்தோடு, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். குணவதி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு நாளைக்கு மாட்டிப் பாக்க முடியுமாம்மா?”

“ஒரே மெஷின்தான் லா, அது செபராங் ஜெயா கிளினிக்குக்குப் போயிருச்சு. அங்க நெறைய பேரு காத்திருக்காங்க. நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்கும்மா?”

அன்று ஏன் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் ஒரு சீனக் கிழவி நம்பர் சீட்டோடு நின்றிருந்தாள். குணவதி பையை எடுத்துக்கொண்டாள்.

ராமதாஸ் கதவருகிலேயே காத்திருந்தார். அவள் ஒன்றுமில்லையாம் என்றதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“நான் பேசினதெல்லாம் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“என்னா சொன்னாங்க?”

“நல்ல மனுசன்னாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தார். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டைப் பார்த்தார்.

“அப்ப அந்த நல்ல மனுசனுக்கு ஏன் இன்னும் சோத்தக் காணோம்?”

குரல் மாடி நடைபாதை முழுவதும் போயிற்று. குணவதி அடுப்பை நோக்கித் திரும்பினாள். நெஞ்சுக்குள் கோழி சிறகடித்தது. அவள் கட்டைவிரல் இடுப்பில் பொத்தான் இருந்த இடத்தைத் தேடிப் போய், வெறும் சேலையை அமுக்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது.